முகத்தைக் காட்டிப் பேசுவது

ஷிஃப்ட் இன்சார்ஜ் பொறுப்பு எனக்கு வந்தபோது வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் பயமாக இருந்தது. வேலை தெரியாததால் அல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் கம்பெனியில், லாரிக்கும் டிராக்டருக்கும் உள்ளே ஓடும் ஒயர்க் கட்டுகளைச் செய்கிறோம். கல்யாணத்துக்கு முன்பே அங்கே சேர்ந்தவள் நான். ஒயர் வெட்டும் மேஜையில் தொடங்கி கடைசிச் சோதனை மேஜை வரை எல்லா இடத்திலும் நின்று வேலை செய்திருக்கிறேன். எந்த ஒயர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் பயமெல்லாம் காலைக் கூட்டத்தைப் பற்றித்தான்.

ஷிஃப்ட் தொடங்கும்போது லைனில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். பெரும்பாலும் பெண்கள். இன்சார்ஜ் அவர்கள் முன்னால் நின்று அன்றைய வேலையைச் சொல்ல வேண்டும். என்ன மாடல் ஓடுகிறது, நேற்று என்ன தவறு வந்தது, எதில் கவனம் வேண்டும், யார் எந்த மேஜைக்குப் போக வேண்டும், எல்லாம். எனக்கு முன்னால் இருந்தவர் அதைக் காபி குடிப்பதுபோலச் செய்துவிட்டுப் போவார். அவர் வேறு வேலை கிடைத்து ஒரகடம் பக்கம் போய்விட்டார். அந்த இடத்துக்கு என்னைப் போடலாம் என்று எங்கள் மேனேஜர்தான் சொன்னார்.

"சார், எனக்கு வேலை வரும். பேச்சு வராது" என்றேன்.

"வேலை வராதவங்களுக்குத்தான் நான் ஒண்ணும் பண்ண முடியாது. பேச்சு வரும், போங்க" என்றார். அதற்குமேல் பேச அவர் இடம் கொடுக்கவில்லை. அதிகம் பேசாத மனிதர் அவர். பேச்சைப் பற்றி அவர் என்னிடம் நம்பிக்கையாகச் சொன்னது எனக்கு அப்போது வேடிக்கையாகக்கூட இருந்தது.

பள்ளிக்கூடத்தில் பாடத்தை எழுந்து படி என்றால், என் முறை வருவதற்குள் மணி அடித்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் ஜாதி நான். வீட்டிலும் அப்படித்தான். என் அம்மாவும் அப்பாவும் திருநின்றவூர்ப் பக்கம் வயல்களில் கூலிக்குப் போனவர்கள். வயல்கள் பிளாட்டுகளான பிறகு அப்பா ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகப் போனார். ஆள் முன்னால் நின்று பேசுவது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் வந்து சேராத காரியம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் பேசுவார்கள். நாங்கள் தலையாட்டுவோம்.

முதல் நாள் காலை, சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே படித்தேன். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் என் காதுக்கே வரவில்லை. நிமிர்ந்து பார்க்கப் பயம். படித்து முடித்ததும் "அவ்வளவுதான்" என்றேன். அது ஒன்று மட்டும்தான் எல்லோருக்கும் கேட்டிருக்க வேண்டும், கலைந்து போனார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறார். சங்கத்தில் இருப்பவர். தொழிற்சாலை வாசலில் கேட் மீட்டிங் என்றால் மைக் இல்லாமலே கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்படி பேசுவார். நான் சொன்னதைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இது ஒரு விஷயமாம்மா? நான் கத்துத் தரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் என்னைக் கூடத்தில் நிற்கவைத்தார். குரலை வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும், கையை இப்படித் தூக்க வேண்டும், முக்கியமான இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டு, கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் இடி மாதிரி இறக்க வேண்டும். அவர் செய்து காட்டியபோது அடுத்த வீட்டு நாய் குரைத்தது. நான் செய்தபோது எங்கள் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். நாளைக்கு இப்படியே பேசு" என்றார்.

அப்படியே பேசினேன். மறுநாள் காலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தோழிகளே" என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையைத் தூக்கி, "இன்று நாம் டிராக்டர் மாடலை ஓட்டப் போகிறோம்" என்று முழங்கினேன். பிறகு, முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெண், எங்கள் லைனிலேயே வாய்த்துடுக்கானவள், மெதுவாகக் கேட்டாள்.

"இன்னாக்கா, எலெக்சன்ல நிக்கப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது. அன்றோடு கேட் மீட்டிங் பாணியைக் கைவிட்டு, மறுபடியும் தாளுக்கே திரும்பினேன்.

சில வாரங்கள் கழித்து ஒன்றைக் கவனித்தேன். நான் படித்து முடித்ததும் கூட்டம் கலையும். ஆனால் மேஜைக்குப் போகாது. சோதனை மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கூட்டம் கூடும். நடுவில் அந்த முத்தாபுதுப்பேட்டைப் பெண் நின்று கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். எல்லோரும் கவனமாகக் கேட்பார்கள். கேள்விகூடக் கேட்பார்கள். அது முடிந்த பிறகுதான் லைன் ஓடத் தொடங்கும்.

ஒருநாள் நானும் பின்னால் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா இன்னா சொல்லிச்சுன்னா, நேத்து செவப்பு ஒயர் ரெண்டு எடம் மாறிக்கீது. மாத்தி சொருவாதீங்க. புது கனெக்டர் வந்துகீது, கிளிக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கணும். அவ்ளோதான், போங்க."

நான் அரைப்பக்கத்துக்கு எழுதியிருந்தது அது. திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள். முகம் மாறியது.

"தப்பா எட்த்துக்காதக்கா. இவளுக்குக் காது கேக்காதில்ல, அதான் இவளுக்குச் சொல்லிகினு இருந்தேன்."

அவள் கை காட்டிய பெண் சோதனை மேஜையில் வேலை செய்கிறவள். பட்டாபிராமிலிருந்து வருவாள். பிறவியிலிருந்தே காது சரியாகக் கேட்காது. வெளியில் ஒரு காதில் மெஷின் வைத்துக்கொள்வாள். தொழிற்சாலைக்குள் கம்ப்ரசர் சத்தத்தையெல்லாம் அந்த மெஷின் பெரிதாக்கிக் கொடுப்பதால் கழற்றிப் பையில் வைத்துவிடுவாள். உதடு அசைவதைப் பார்த்து, பேசுவதைப் புரிந்துகொள்வாள். கை வேலையில் அவ்வளவு சுத்தம். பேச்சு கொஞ்சம் குழறும், பழகியவர்களுக்குப் புரியும். அறிமுகமில்லாதவர்கள் முன்னால் வாயே திறக்கமாட்டாள்.

அவளுக்காகச் சொல்வது என்றால் அவள் மட்டுமல்லவா நின்றிருக்க வேண்டும். அங்கே பாதி லைன் நின்றது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பட்டாபிராம் பெண்ணே என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து, அவள் கொண்டுவந்த கத்தரிக்காய்ப் பொரியலில் எனக்கும் கொஞ்சம் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நீங்க பேசறப்போ தாள் உங்க வாய மறைக்குது. எனக்கு ஒண்ணும் தெரியல."

"நாளையிலிருந்து இறக்கிப் பிடிக்கிறேன்மா. உனக்குக் கேக்காதுன்னு நான் யோசிக்கவே இல்ல பாரு" என்றேன்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "எனக்கு மட்டும் இல்லக்கா. யாருக்கும் கேக்கல. அவங்க சொல்ல மாட்டாங்க. எனக்குக் கேக்கலன்னு சொல்லிப் பழக்கம். அதான் நான் சொல்றேன்."

குற்றம் சொல்லும் தொனியே அதில் இல்லை. உப்பு குறைவாக இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் அந்தப் பொரியலைச் சாப்பிட்டுக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மென்றுமுடித்துப் பேசட்டும் என்று காத்திருந்தாள். என் வாழ்க்கையில் என் பேச்சுக்காக ஒருவர் அப்படிக் காத்திருந்தது அதுதான் முதல் முறை என்று எனக்குப் பட்டது.

மறுநாள் அவளை முன்வரிசையில் எனக்கு நேராக நிற்கச் சொன்னேன். தாளை மடித்து யூனிஃபார்ம் சட்டைப்பையில் வைத்தேன். அவளிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டேன். அவளிடம் பேச வேண்டும் என்றால் அவசரப்பட முடியாது. தலையைக் குனிய முடியாது. ஒரு பக்கம் திரும்பிக்கொண்டு பேச முடியாது. நீட்டி முழக்கினால் அவளுக்குக் கண் வலிக்கும், அதனால் சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பேன். புரிந்தால் இமையைத் தாழ்த்துவாள். புரியாவிட்டால் புருவம் சுருங்கும். வேறு வார்த்தையில் மறுபடி சொல்வேன். கம்ப்ரசரைக் கூட்டம் முடியும் வரை நிறுத்திவைக்கும்படி மெயின்டனன்ஸில் கேட்டேன். கேட்டவுடன் நிறுத்தினார்கள். இத்தனை நாளாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று நிறைய மறந்துவிட்டேன். சொல்ல வேண்டியதில் பாதியைத்தான் சொன்னேன். ஆனாலும் கூட்டம் கலைந்து நேராக மேஜைகளுக்குப் போனது. முத்தாபுதுப்பேட்டைக்காரி என்னைத் தாண்டிப் போகும்போது, "என் வேலய புடுங்கிட்டியேக்கா" என்றாள்.

பேசும் விதம் கொஞ்சம் பிடிபட்டது. எதைப் பேசுவது என்பதைக் கற்றுக்கொடுத்தது ரயில். நான் திருநின்றவூரில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவேன். லேடீஸ் கோச்சில் எப்போதும் ஒரே இடத்தில் கூடும் கூட்டம் ஒன்று உண்டு. ஆவடியில் ஏறும் தோழி ஒருத்தி, ஆஸ்பத்திரி ஒன்றில் பில் போடும் இடத்தில் வேலை செய்கிறாள். அவளுக்காக நான் இடம் பிடித்து வைப்பேன். அன்றைக்குக் கூட்டத்தில் சொல்லப்போவதை அவளிடம் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதல் தடவை கேட்டுவிட்டு, "நீ சொல்றது பஸ் ஸ்டாண்டுல ஒட்டின நோட்டீஸ் மாதிரி கீது" என்றாள். "அத செய்யாத, இத செய்யாதன்னா யாரு கேப்பா? எதுக்குச் செய்யக்கூடாது? அத மொதல்ல சொல்லு."

"எதுக்குன்னா, ஒயர் மாறிப் போச்சுன்னா லாரிக்காரன் வலது பக்கம் சிக்னல் போட்டா இடது பக்கம் எரியும்."

"ஐயோ சாமி. அத சொல்லு மொதல்ல. நேத்து பூந்தமல்லி ரோட்டுல ஒரு லாரி சிக்னலே போடாம திரும்பி எங்க ஊட்டுக்காரர் வண்டி மேல வந்துடுச்சு. இன்னா நடுங்கிட்டாரு தெரியுமா?"

சுற்றி நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் லாரியைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தார்கள். அம்பத்தூர் வருவதற்குள் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அன்று காலைக் கூட்டத்தில், சிக்னல் மாறி எரிந்தால் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் என்ன ஆவார் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அத்தனை பேர் வீட்டிலும் ஸ்கூட்டரில் போகிறவர் ஒருவர் இருக்கிறார். சிவப்பு ஒயரைப் பற்றி அதற்குமேல் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த ரயில் பெட்டிக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. இறங்கும் அவசரத்தில் நன்றி சொல்ல நேரம் இருப்பதில்லை. சொன்னாலும், "போ போ, எறங்கு, வண்டி எடுத்துடுவான்" என்றுதான் தள்ளுவார்கள்.

நல்ல செய்தியைச் சொல்லப் பழகிவிட்டேன் என்று நினைத்த சமயத்தில் கெட்ட செய்தி ஒன்று வந்தது. பட்டாபிராம், முத்தாபுதுப்பேட்டை பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸை நிறுத்தப் போவதாக முடிவு செய்துவிட்டார்கள். பஸ் பாதி காலியாக ஓடுகிறது என்பது காரணம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நோட்டீஸ் போர்டுல போட்டுடலாமா, இல்ல நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டார்.

போர்டில் போட்டால் எனக்கு நிம்மதி. ஆனால் அந்தப் பஸ்ஸில் வருகிறவர்கள்தான் தினமும் எனக்கு எதிரில் நிற்கிறார்கள். "நானே சொல்றேன் சார்" என்றேன்.

மறுநாள் காலை வேறு எதையும் பேசவில்லை. "இன்னிக்கு நான் சொல்லப்போறது உங்களுக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்கலை" என்று ஆரம்பித்துப் பஸ் விஷயத்தைச் சொன்னேன். என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்போ நாங்க எப்டிக்கா வர்றது? பறந்துகினு வர்றதா?" என்றாள் முத்தாபுதுப்பேட்டைக்காரி. அன்று அவள் குரலில் விளையாட்டு இல்லை. அவளுக்கு வீட்டில் கைக்குழந்தை இருந்தது. பஸ் இல்லையென்றால் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு வந்து ரயில் ஏற வேண்டும். இன்னும் இரண்டு மூன்று பேர் சத்தம் போட்டார்கள். பையில் இருந்த தாளை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. எதிரில் நின்ற பட்டாபிராம் பெண்ணைப் பார்த்தேன். அவளும் அதே பஸ்ஸில் வருகிறவள்தான். அவள் கோபப்படவில்லை. நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்" என்றேன். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். குறுக்கே பேசாமல் கேட்டேன். கடைசியில், "இதையெல்லாம் இன்னிக்கே மேல சொல்றேன். நடக்கும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா என்ன பதில் வந்தாலும் இதே இடத்துல நின்னு சொல்றேன்" என்றேன்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். காலைக் கூட்டத்தில் நின்ற பழக்கத்தால் அவர் அறையிலும் நின்றபடியே, அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். இடையில் ஒரு போன் வந்தபோது அவர் எடுக்கவில்லை. முழுவதும் கேட்டார். பஸ் முழுசாகத் திரும்பி வரவில்லை. ஆவடி ஸ்டேஷனிலிருந்து ஒரு வேன் விடுவதாக முடிவானது. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடி வரைக்கும் ஷேர் ஆட்டோ உண்டு, சமாளிக்கலாம். அதை அவர்களிடம் சொன்னபோது கைதட்டலெல்லாம் இல்லை. "பர்வால்ல" என்றாள் அவள். அவள் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

சோதனை மேஜைக்கு விளக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். ஒயர்க் கட்டைச் சோதனைப் பலகையில் மாட்டினால், எல்லாம் சரியாக இருந்தால் ஒரு பஸ்ஸர் அடிக்கும். பட்டாபிராம் பெண்ணுக்கு அந்தச் சத்தம் கேட்காது. பலகையில் கையை வைத்து அதிர்வை உணர்ந்துதான் இத்தனை காலம் வேலை செய்திருக்கிறாள். ஒருநாள் கூட்டம் முடிந்ததும், "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று நான் வழக்கம்போலக் கேட்டேன். அவள் கை தூக்கினாள். "பஸ்ஸர் பக்கத்துல ஒரு லைட் வேணும்க்கா" என்றாள். மெயின்டனன்ஸ் ஆள் அன்று சாயங்காலமே ஒரு பச்சை விளக்கைப் பொருத்திக் கொடுத்தார். கொஞ்ச நாளில் மற்ற சோதனை மேஜைக்காரர்களும் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். கம்ப்ரசர் ஓடும்போது அவர்களுக்கும் பஸ்ஸர் சரியாகக் கேட்பதில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. எல்லா மேஜைக்கும் விளக்கு வந்தது.

எங்களிடம் ஒயர்க் கட்டு வாங்கும் லாரிக் கம்பெனியிலிருந்து அதிகாரிகள் எங்கள் லைனைப் பார்க்க வந்தபோது, இந்த மாற்றத்தைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஆபீஸில் இருந்தவர்கள் ஆங்கிலத்தில் ஸ்லைடுகள் செய்து கொடுத்தார்கள். ஒரு வாரம் ரயிலில் அதை மனப்பாடம் செய்தேன். ஆவடித் தோழி அதிகாரி மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டாள். ஸ்லைடில் இருந்த ஆங்கில வார்த்தைகள் எனக்கும் புரியவில்லை, அவளுக்கும் புரியவில்லை. ஆனாலும் மனப்பாடம் செய்தேன்.

மீட்டிங் ஹாலில் ஏசி குளிர் தாங்க முடியவில்லை. வந்தவர்கள் நான்கு பேர், அதில் ஒருவர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. திரையில் முதல் ஸ்லைடு வந்தது. நான் "குட் மார்னிங் சார்" என்றேன். பதிலுக்குச் சொன்னார்கள். அடுத்த வரி வரவில்லை. திரையைத் திரும்பிப் பார்த்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு அதைப் படிக்கத் தொடங்கினேன். இரண்டு வரி படித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது, நான் பழையபடி தாளுக்குப் பின்னால் போய்விட்டேன். தாள் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நிறுத்தினேன். அவர்கள் பக்கம் திரும்பினேன். மேனேஜரைப் பார்த்து, "சார், லைனுக்கே போயிடலாமா? அங்க காட்டிச் சொன்னா எனக்குச் சொல்ல வரும். தமிழ்ல சொல்றேன், நீங்க அவருக்குச் சொல்லுங்க" என்றேன்.

அவர் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. லேப்டாப்பை மூடினார். "வாங்க, போகலாம்" என்று எழுந்துவிட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு நான் எப்போதும் நன்றி சொல்வேன். லாரிக் கம்பெனி அதிகாரிகள் எதிரில், அவர் ஏற்பாடு செய்த கூட்டத்தை, அவருக்குக் கீழே வேலை செய்கிற ஒருத்தி சொன்னாள் என்று மாற்றினார். எத்தனை பேர் செய்வார்கள்.

லைனில் எனக்கு மூச்சு வந்தது. ஒயரைக் கையில் எடுத்துக் காட்டினேன். சிக்னல் மாறி எரிந்தால் என்ன ஆகும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். மேனேஜர் எனக்கு இணையாக, நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, ஆங்கிலத்தில் சொன்னார். சோதனை மேஜைக்கு வந்தோம். பட்டாபிராம் பெண் ஓர் ஒயர்க் கட்டை மாட்டினாள், பச்சை விளக்கு எரிந்தது.

வந்தவர்களில் வயதில் மூத்தவர், தமிழ் தெரிந்தவர், "பஸ்ஸர்தான் இருக்கே, லைட் எதுக்கு?" என்று கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேசினாள். அவர் கேட்டதை அவர் உதட்டில் படித்திருக்கிறாள்.

"எனக்குக் காது கேக்காது சார். நான் கேட்டேன், குடுத்தாங்க. அப்புறம் பாத்தா யாருக்கும் கேக்கல."

குழறலாகத்தான் வந்தது. கம்ப்ரசர் வேறு. அவருக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவள் சொன்னதை நான் எடுத்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பின்வரிசையில் இருந்து முத்தாபுதுப்பேட்டைக்காரியும் வாயைத் திறந்ததைப் பார்த்தேன். அவளுக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். நானும் பேசவில்லை. அந்தப் பெரியவர் ஓர் அடி முன்னால் வந்து, கொஞ்சம் குனிந்து, "மறுபடியும் சொல்லும்மா" என்றார். அவள் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, மறுபடி சொன்னாள். இந்தத் தடவை அவருக்குப் புரிந்தது. சிரித்தார். தன் பக்கத்தில் நின்ற வடக்கத்திக்காரருக்கு அவரே ஆங்கிலத்தில் சொன்னார். அந்த வடக்கத்திக்காரர் பஸ்ஸரைக் காட்டி, காதில் கை வைத்து, தனக்கும் கேட்கவில்லை என்று சைகை செய்தார். லைனே சிரித்தது. அவள் முகம் சிவந்துவிட்டது, ஆனால் தலையைக் குனியவில்லை.

அன்று நான் பேசியதில் எது நன்றாக இருந்தது என்று யாராவது கேட்டால், பேசாமல் இருந்த அந்த இடத்தைத்தான் சொல்வேன்.

சாயங்காலம் மேனேஜர் எல்லோருக்கும் சமோசாவும் டீயும் வரவழைத்தார். போகும்போது, "அந்த ஸ்லைடெல்லாம் இனிமே வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். வீட்டில் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். "கேட் மீட்டிங்குல நான் ஒரு தடவகூட எதிர்ல நிக்கறவங்கள பேசவுட்டதே இல்ல" என்றார். அதற்குப் பிறகு அவருடைய கூட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று பாத்திரத்தை அவர்தான் கழுவினார்.

இப்போது எனக்குப் பேசப் பயமில்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு காலையிலும் முதல் வாக்கியத்துக்கு முன்னால் பையைத் தொட்டு, தாள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பட்டாபிராம் பெண் இப்போது சோதனைப் பிரிவுக்கு லீடர். அவள் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளே வேலை சொல்லிக்கொடுக்கிறாள். முதல் நாள் அவள் பேச்சு புரியாமல் முழிப்பார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். நான் நடுவில் போவதில்லை.

போன மாதம் ஒடிசாவிலிருந்து பெண்கள் சிலர் எங்கள் லைனில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார்கள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. காலைக் கூட்டத்தில் நான் பேசும்போது அவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரியும், ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் நாங்கள் ஆட்டியதுதான். அதனால் அவர்களில் ஒருத்தியிடம் தினமும் டீ நேரத்தில் சைகை காட்டி இரண்டு ஒடியா வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். மெதுவாக என்பதற்கு "ஆஸ்தே" என்றாள். நல்லது என்பதற்கு அவள் சொன்னது என் காதில் "பலா" என்று விழுந்தது. எனக்குப் பலாப்பழம்தான் ஞாபகம் வந்தது, அதனால் மறக்கவில்லை.

நேற்றுக் காலை, தமிழில் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, அவர்கள் பக்கம் திரும்பி ஒயரை மெதுவாகச் செருகுவதுபோலக் கையால் காட்டி, "ஆஸ்தே, ஆஸ்தே. பலா" என்றேன். அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் சொன்னது தப்பு என்று தெரிந்தது. "தப்பா? சொல்லு" என்று கையை நீட்டினேன். முன்னால் நின்றவள் வெட்கப்பட்டுக்கொண்டே ஓர் அடி வந்து, என் முகத்துக்கு நேராக உதட்டை நன்றாக அசைத்து, சரியாக எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்காட்டினாள். நான் திருப்பிச் சொன்னேன். மறுபடியும் சிரித்தார்கள். இன்னொரு முறை சொல்லிக்காட்டினாள்.